அம்மாவின் முட்டியும் ஆராய்ச்சிக் கட்டுரைகளும்

இங்கே அலிப்பூரில் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்தால் போதும், பேச்சு கடைசியில் ஊரிலிருக்கும் அப்பா அம்மாவின் முட்டிவலிக்கு வந்துவிடும். ஆபரேஷன் பண்ணினால் எத்தனை வருஷம் தாங்கும் என்பதுதான் எல்லோரும் கேட்பது. டாக்டர்களும் ரொம்ப நாள் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பழைய கட்டுரைகளைப் புரட்டியபோது தெரிந்தது. (நான் டாக்டர் இல்லை, கணக்குப் பார்க்கிறவன்.)

1890ல் பெர்லினில் குளுக் என்பவர் யானைத் தந்தத்தில் கீல் வைத்த முட்டி செய்து பொருத்தினார். காசநோய் பிடித்த மூட்டுகள், சீழ் வைத்துத் தோற்றன. இன்றைய முட்டியின் மூதாதை 1974ல் நியூயார்க்கில் வந்தது. இன்சால், ரணாவத் குழுவினர் 1976ல் நான்கு மாடல்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார்கள். வாஜ்பாய்க்கு 2000லும் 2001லும் மும்பையில் முட்டி மாற்றினாரே, அதே ரணாவத்தான்.

1975ல் ஸ்வீடன் நாடு முழுவதற்கும் ஒரு பதிவேடு தொடங்கியது. அருமையான வேலை. ஆனால் அதில் தோல்வி என்றால் மறு ஆபரேஷன். வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் கிடப்பவர் அந்தக் கணக்கில் வெற்றிதான்!

நோயாளியிடமே கேட்கும் ஆக்ஸ்ஃபோர்டின் 12 கேள்விகள் 1998ல் வந்தன. மாடிப்படி உண்டு, கடைக்குப் போவது உண்டு, மண்டியிடுவதுகூட உண்டு. சம்மணம் இல்லை. என் அம்மா கேட்டது அதைத்தான்: "தரையில உக்காந்து பூஜை பண்ணலாமாடா?"

நன்றாக மடங்கும் மாடல்கள் ஆசியாவில் பரவிய பிறகு, 2007ல் கொரியாவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அப்படி ஒரு மாடல் பொருத்திய 72 முட்டிகளில் 27 சில வருஷத்திலேயே தளர்ந்துவிட்டன. அதிகம் மடக்க முடிந்தவர்களிடம்தான் தளர்ச்சியும் அதிகம். வேறு சில ஆய்வுகளில் அந்த அளவுக்குப் பிரச்சினை தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2019ல் லான்செட்டில் வந்த கணக்குப்படி முழு மூட்டு மாற்றியதில் சுமார் 82 சதவீதம் 25 வருஷம் தாங்குகிறது. நல்ல செய்திதான். ஆனால் அந்த 25 வருஷக் கணக்கு ஆஸ்திரேலியா, பின்லாந்து பதிவேடுகளிலிருந்து எடுத்தது. அங்கே யார் தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்குகிறார்கள்?

2015ல் டென்மார்க்கில் 100 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது, சிக்கல்களும் கூடுதல். உடற்பயிற்சி, எடைக் குறைப்பு என்று மட்டும் போனவர்களில் நாலில் ஒருவர்தான் அந்த வருஷத்துக்குள் ஆபரேஷனுக்கு வந்தார். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்று மாதம் பயிற்சி செய்து பார்க்கிறேன் என்றிருக்கிறார்.