பன்னிரண்டு அடிக்கு மேலே

தரையிலிருந்து கூரையின் முகடு வரை 12 அடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாடிக்கு மேல் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கட்டடத்தைக் கட்டும்போதோ பழுது பார்க்கும்போதோ விழுந்தவன்தான் சட்டத்தின் கணக்கில் தொழிலாளி. 1923-ல் வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்து, 1924 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, கட்டட வேலைக்கு எழுதி வைத்திருந்த அளவு அது.

எங்கள் பக்கத்துக் கூரை வீடுகளுக்கு அந்த உயரம் ஏது? குனிந்துதான் உள்ளே போக வேண்டும். மூங்கில் கழியில் உட்கார்ந்து கீற்று வேய்ந்தவர்கள் விழுந்தால் புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு திண்ணையில் படுப்பார்கள். வேலை கொடுத்தவர் வீட்டிலிருந்து கொஞ்ச நாளைக்கு அரிசி வரும். சட்டம் அந்தத் தாழ்வாரம் வரைக்கும் குனிந்து வரவில்லை.

கூரை உயர்ந்தது நிலக்கரியால்தான். 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. 1956 நவம்பர் 14-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. அடுத்த ஆண்டு மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது; 1962-ல் சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையம் ஓடியது. முந்திரிக் காட்டில் பிளாக் பிளாக்காக டவுன்ஷிப் எழுந்தது. அதோடு ஸ்டோர், ஒர்க் ஷாப், கன்வேயர் கேலரி என்று தென்னை மர உயரத்துக்கு ஷெட்டுகளும் எழுந்தன. குடியிருப்புக்குக் கான்கிரீட் தளம், ஷெட்டுக்கு ஷீட். கான்கிரீட் தளமானால் மழைக்கு முன் ஒழுகல் பார்க்க வேண்டும், ஷீட்டானால் உடைந்ததை மாற்ற வேண்டும். இந்த இரண்டு வேலையையும் நம்பி மந்தாரக்குப்பத்திலும் வடக்குத்திலும் காண்ட்ராக்டர்கள் உருவானார்கள். அப்படி ஒருவரிடம் பில் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பிறகு ஜெனரல் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆனவன் நான்.

முப்பது நாற்பது வருடமாக இந்தக் காகிதங்களைப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த உண்மை ஒன்றுதான். கூரை வேலைக்கு இன்சூரன்ஸ் வந்தது கூரையில் ஏறியவனை நினைத்து அல்ல. பாலிசி காப்பி வைக்காவிட்டால் பில் பாஸ் ஆகாது என்பதால் வந்தது. அதனால் வந்த நல்லதும் கெட்டதும் இன்றுவரை தொடர்கின்றன.

காரணம் அதே 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவு. ஒரு நிறுவனம் தன் தொழிலைச் சேர்ந்த வேலையைக் காண்ட்ராக்டரிடம் விட்டால், அவருடைய ஆள் அடிபட்டாலும் நஷ்டஈடு கேட்டு நிறுவனத்தின் வாசலுக்கே வரலாம். நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். வசூலிக்கப் போகும்போது அவரிடம் பழைய லாரியும் நான்கு ஏணியும்தான் இருக்கும் என்பது எந்தக் கணக்கு அதிகாரிக்கும் தெரியும். ஆகவே நாடெங்கும் பெரிய நிறுவனங்கள் டெண்டர் நிபந்தனையிலேயே ஒரு வரி சேர்த்தன: வேலை தொடங்கும் முன் டபிள்யூ.சி. பாலிசி எடுத்துக் காட்ட வேண்டும். ஒர்க்மென்ஸ் காம்பன்சேஷன் என்பதைக் காண்ட்ராக்டர்கள் யாரும் முழுதாகச் சொன்னதில்லை. “டபிள்யூ.சி. போட்டாச்சா?” என்பதுதான் பேச்சு.

அந்தப் பாலிசியை விற்க அப்போது தனியார் கம்பெனிகள் நிறைய இருந்தன. 1972-ல் சட்டம் போட்டு, 1973 ஜனவரி 1 முதல் 107 பொதுக் காப்பீட்டு நிறுவனங்களை அரசு நான்காகத் திரட்டியது. அதில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது யுனைடெட் இந்தியா. 12 இந்தியக் கம்பெனிகள், 4 கூட்டுறவுச் சங்கங்கள், 5 வெளிநாட்டுக் கம்பெனிகளின் இந்திய வியாபாரம் ஆகியவை அதற்குள் சேர்ந்தன. விழுப்புரம், கடலூர் பக்கத்துக் காண்ட்ராக்டர்களுக்கு அதற்குப் பிறகு இன்சூரன்ஸ் என்றாலே அரசாங்க ஆபீஸ்தான். 1999-ல் காப்பீட்டு ஒழுங்குமுறைக்கான ஐ.ஆர்.டி.ஏ. சட்டம் வந்து தனியாருக்குக் கதவு திறக்கும் வரை அப்படியே.

பாலிசியில் முதல் பக்கத்தை விட முக்கியம் அதன் அட்டவணை. வேலையின் தன்மை, ஆட்களின் எண்ணிக்கை, பாலிசிக் காலத்தில் கொடுக்கப்போகும் மொத்தக் கூலி, வேலை நடக்கும் இடம் என நான்கு கட்டங்கள். பிரீமியம் கூலியின் மேல் கணக்காகிறது. வேலை எவ்வளவு ஆபத்தோ அவ்வளவு விகிதம் ஏறும். ஆகவே ஆளைக் குறைத்தால், கூலியைக் குறைத்தால், ‘ஷீட் கூரை வேலை, உயரத்தில்’ என்பதை ‘சிவில் மராமத்து’ என்று மாற்றினால் பிரீமியம் இறங்கும். பில் பிரிவில் பார்க்கிறவர் பாலிசி எண்ணையும் தேதியையும் பார்ப்பார், கட்டங்களைப் பார்ப்பது அபூர்வம்.

கூரையில் இருக்கும் ஆபத்தைச் சொன்னால்தான் அந்தக் கட்டங்களின் எடை புரியும். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் மழையைத் தாங்கும், வெயிலைத் தாங்கும், ஆளைத் தாங்காது. கீழே குறுக்காக ஓடும் பர்லின் இரும்பின் மேல் ஷீட்டை வைத்து ஜே போல்ட் போட்டு முடுக்குவார்கள். போல்ட் வரிசை தெரிகிற இடத்தில் அடியில் இரும்பு இருக்கிறது, அங்கே கால் வைக்கலாம். இரண்டு வரிசைக்கு நடுவே வைத்தால் ஷீட் பொத்துக்கொள்ளும். புது ஷீட்டில் போல்ட் பளிச்சென்று தெரியும். பத்து வருடத்து ஷீட்டில் நிலக்கரித் தூளும் பாசியும் படிந்து எல்லாம் ஒரே நிறம். “போல்ட் மேலயே நடடா” என்று மேஸ்திரி கீழிருந்து கத்திக்கொண்டே இருப்பார். பர்லினுக்குப் பர்லின் எட்டுகிற மாதிரி நீளப் பலகை போட்டு அதன் மேல்தான் போக வேண்டும் என்பது முறை. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998 மத்திய விதிகளிலும் சரிவுக் கூரைக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. ஆனால் பலகையை மேலே ஏற்றவே இரண்டு ஆள் வேண்டும். அந்த இரண்டு ஆள் கூலி எஸ்டிமேட்டில் இருக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு காண்ட்ராக்டர், இப்போது இல்லை, பாலிசி எடுக்க வரும்போதெல்லாம் இதே வாதம்.

“ஆறு பேருக்குப் போடு தம்பி, போதும். பில்லுக்கு ஒரு காகிதம்தானே கேக்குறாங்க.”

“மேல ஏறுறது பத்துப் பேருண்ணே.”

“பத்துப் பேருமா விழப் போறான்?”

ஒருவர்தான் விழுந்தார். ஷெட் பழசு, ஷீட் உடைந்து தரையில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போனது. பாலிசியில் பெயர் கிடையாது, ஆறு என்ற எண்ணிக்கை மட்டும். அன்றைய வருகைப் பதிவான மஸ்டர் ரோலில் பத்துப் பேர். காப்பீட்டு நிறுவனம் கேட்டது நியாயமான கேள்விதான்: இறந்தவர் அந்த ஆறில் ஒருவரா? அவருடைய மனைவி பாலிசி நகலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க வூட்டுக்காரரு பேரு இதுல எங்கண்ணா இருக்கு?” என்றார். விசாரணை இழுத்தது. கடைசியில் பணம் வந்தது. அதில் ஒரு பங்கு காண்ட்ராக்டர் நிலத்தை விற்றுக் கட்டியது. மிச்சம் பிடித்த பிரீமியம் ஒரு லோடு ஜல்லி விலை கூட இருந்திருக்காது.

இறப்புக்கான பணத்தைக் குடும்பத்தின் கையில் நேரே கொடுத்து முடித்துவிட முடியாது. 1923 சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி ஆணையரிடம் கட்ட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பைத் தொழிலாளர் துணை ஆணையர் பார்த்தார். அவசரச் செலவுக்குக் கொடுக்கும் முன்பணம் தவிர, பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசிக் கொடுத்தது எதுவும் சட்டப்படி நஷ்டஈடு ஆகாது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒரு தொகை கொடுத்து வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்ட காண்ட்ராக்டர்கள், பிறகு முழுத் தொகையையும் மறுபடி கட்ட நேரும் என்று தெரியாமலே இருந்தார்கள்.

இன்னொரு தப்பான நம்பிக்கை இன்றும் உலவுகிறது. பெல்ட் போடாமல் ஏறினான், குடித்திருந்தான், ஆகவே காசு கிடையாது என்பார்கள். சின்னக் காயத்துக்கு அந்த வாதம் எடுபடும். உயிர் போனாலோ, நிரந்தரமாக முழுதும் முடங்கினாலோ எடுபடாது. சட்டம் அந்த இரண்டையும் விலக்கி வைத்திருக்கிறது.

தொகை எப்படி வளர்ந்தது என்பதே ஒரு சரித்திரம். இறப்புக்கு மாதக் கூலியில் பாதியை எடுத்து, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. ஆனால் கூலி எவ்வளவு வாங்கினாலும் கணக்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2000-ல் அது 4,000 ரூபாய். 30 வயதுக்காரர் குடும்பத்துக்கு அதிகபட்சம் 4,15,960. 2010-ல் 8,000 ஆனது, தொகை 8,31,920. 2020 ஜனவரியில் 15,000 ஆனது; தொகை 15,59,850. கூரை அதே கூரை, உயரம் அதே உயரம். நடுவில் பத்து வருடம் உச்சவரம்பு அசையாமல் நின்றபோது விழுந்தவர்களின் குடும்பம், விலைவாசி ஏறின காலத்தில் பழைய கணக்கை வாங்கிக்கொண்டு போனது.

2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பலர் கவனிக்காத இன்னொரு மாற்றமும் உண்டு. அதுவரை, தற்செயலாக ஒரு நாள் வேலைக்கு வந்தவர், வேலை கொடுப்பவரின் தொழிலோடு சம்பந்தமில்லாத வேலை செய்தால், தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார். வீட்டுக்காரர் கூப்பிட்டு மாடி ஒழுகலை அடைக்க வந்தவரின் நிலை அதுதான். அந்த விலக்கை 2000-ல் நீக்கினார்கள். வீட்டுக்காரர்களுக்கு அது இன்னும் தெரியாது.

பிறகு கூரையே மாறியது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கொட்டகை எரிந்து 94 பிள்ளைகள் போனார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றை இறக்கினார்கள். கீற்றுப் போன இடத்தில் ஷீட் வந்தது. நெருப்புப் பயம் குறைந்தது. விழும் பயம் கூடியது. கீற்று வேய்ந்து பழகியவர்களே ஷீட் மாட்டப் போனார்கள். கீற்றுக்கு அடியில் நெருக்கமாகக் கழி இருக்கும், எங்கே வேண்டுமானாலும் கால் வைக்கலாம். அதே பழக்கத்தோடு ஷீட்டில் ஏறினார்கள்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் கரையேறியது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. காற்று கூரையை அழுத்துவதை விட உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். அதுவும் ஓரத்திலும் முகட்டிலும். அங்கிருந்துதான் ஷீட்டுகள் பறந்தன. அப்போதுதான் காண்ட்ராக்டர்கள் பலருக்குத் தங்கள் பாலிசி எதற்கு, எதற்கு இல்லை என்பது உறைத்தது. டபிள்யூ.சி. ஆளுக்கு மட்டும். பாதி முடித்த ஷெட் சாய்ந்தாலும், சைட்டில் அடுக்கிய ஷீட் நொறுங்கினாலும் அதில் பைசா கிடையாது. அதற்குக் காண்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசி வேண்டும். அதன் முதல் பகுதி வேலைக்கும் சாமானுக்கும். இரண்டாம் பகுதி, பறந்த ஷீட் வழிப்போக்கர் தலையில் விழுந்தாலோ அடுத்தவர் கார் மேல் விழுந்தாலோ. சொந்த ஆளின் காயம் அதில் சேராது. ஆக, ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது பொய்க் கணக்கு.

பாதுகாப்பு வேறு வழிகளிலும் வந்தது. தமிழ்நாட்டில் 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. 2015 ஆகஸ்ட் 1 முதல் கட்டுமான சைட் ஆட்களுக்கும் இ.எஸ்.ஐ. உண்டு என்றார்கள், இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு டபிள்யூ.சி. கணக்கு கிடையாது, இரண்டில் ஒன்றுதான். 2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டமே சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டது. ஆணையர் என்ற பதவிப் பெயர் மாறியது. நிறுவனத்தின் பொறுப்பு, வயதுக் கணக்கு, காண்ட்ராக்டரிடம் வசூலிக்கும் உரிமை எல்லாம் தொடர்கின்றன.

சட்டம் மாறினாலும் அட்டவணையின் நான்கு கட்டங்கள் மாறவில்லை. பில்லுக்குப் பயந்து வந்த பாலிசியைப் பில்லை வைத்துத்தான் சரிசெய்ய முடியும் என்பது என் கட்சி. பாலிசி நகலோடு அந்த மாதத்து மஸ்டர் ரோலையும் ஒர்க் பர்மிட்டையும் சேர்த்துப் பின் அடித்துக் கேட்கட்டும். மூன்றிலும் ஆள் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா, வேலையின் தன்மையில் ‘உயரத்தில்’ என்ற சொல் இருக்கிறதா, பாலிசி தொடங்கும் தேதி ஏணி சாத்திய தேதிக்கு முந்தியதா என்று பார்க்கட்டும். பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். பொருந்தாவிட்டால் பில்லைத் திருப்பி அனுப்பட்டும். ஒரே ஒரு பில் திரும்பி வந்தால் போதும், அடுத்த முறை காண்ட்ராக்டரே என்னைக் கூப்பிட்டு, “பத்துப் பேருக்கும் போட்டுடு தம்பி” என்பார்.