குழந்தைகளின் தட்டணுக்குறைவு நோய்: சிகிச்சை வரலாறும் கொங்குச் சூழலும்

உடலின் எதிர்ப்பாற்றல் தன் தட்டணுக்களையே அழிக்கும் இந்நோய்க்கு, முதலில் பயன் தந்தது மருந்தன்று, அறுவை. 1916இல் பிராகு நகர மருத்துவ மாணவர் பால் காஸ்நெல்சன், அழிவு நிகழுமிடம் மண்ணீரலே எனக் கருதி, அதனை அகற்றப் பரிந்துரைத்தார். குழந்தைகளுக்கு அதன் விலை பெரிது. மண்ணீரல் இழந்தவரைக் கடுந்தொற்று வாழ்நாள் முழுதும் அச்சுறுத்தும். 1950இல் வில்லியம் ஹாரிங்டன் நோயாளியின் குருதியைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டு, அழிக்கும் பொருள் குருதியிலேயே உள்ளதென மெய்ப்பித்தார். அப்பத்தாண்டில் ஸ்டீராய்டு வழக்கிற்கு வந்தது. கோவை மருத்துவக் கல்லூரி தொடங்கிய 1966இல் உலகெங்கும் இவ்விரண்டே முதன்மை வழிகள்.

1981இல் பெர்ன் நகரின் பால் இம்பாக் குழந்தைகளுக்கு இம்யூனோகுளோபுலின் செலுத்திக் கண்ட பயன் வியப்பளித்தது. ஸ்டீராய்டைவிட விரைவாக, ஓரிரு நாளிலேயே எண்ணிக்கையை அது உயர்த்தும். ஆயினும் கொடையாளர் பலரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்படுவதால் விலை மிகுதி. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 1 கிராம் வீதம் 15 கிராம் வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் சில மாதங்களில் தாமாகவே தேறுவர் என்பதையும் இங்குச் சேர்த்தெண்ண வேண்டும். எனவேதான் 2019ஆம் ஆண்டின் அமெரிக்கக் குருதியியல் சங்க நெறிமுறை, குருதிக்கசிவு இல்லாத அல்லது சிறிதளவே உள்ள குழந்தைக்கு மருந்தினும் கண்காணிப்பையே முன்வைக்கிறது. கசிவே அளவுகோல், எண்ணிக்கையன்று.

டெங்குக் காலங்களில் தட்டணு எண்ணிக்கையையே உயிரின் கணக்காகப் பார்த்துப் பழகிய கொங்குப் பெற்றோர்க்கு இது எளிதில் ஒப்பாது. அவர்தம் அச்சம் முற்றிலும் அறியாமையுமன்று. மூளையில் குருதிக்கசிவு மிக அரிதே; ஆனால் வால்பாறைத் தோட்டத் தொழிலாளியின் வீட்டிற்கும் சமவெளி மருத்துவமனைக்கும் இடையில் 40 கொண்டையூசி வளைவுகள் உள்ளன.