ரோவன் சட்டம்

விளையாடும்போது மூளையதிர்ச்சிக்கு ஆளாகும் இளம் வீரர்களைப் பாதுகாப்பதற்காகக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2018இல் இயற்றிய சட்டம் இது. கனடாவில் இவ்வகைச் சட்டம் கொண்டுவந்த முதல் மாகாணம் ஒன்டாரியோதான். ஒட்டாவா நகரைச் சேர்ந்த 17 வயது ரக்பி வீராங்கனை ரோவன் ஸ்ட்ரிங்கரின் நினைவாக இப்பெயர் வந்தது.

ரோவன் தன் பள்ளியின் பெண்கள் ரக்பி அணிக்குத் தலைவி. 2013 மே மாதத் தொடக்கத்தில், ஒரு வாரத்துக்குள் மூன்று முறை அவருக்குத் தலையில் அடிபட்டது. முதல் அடிக்குப் பிறகே தலைவலி தொடங்கிவிட்டது. இது மூளையதிர்ச்சியாக இருக்குமோ என்று கைப்பேசியில் தேடிப் பார்த்திருக்கிறார்; தோழிகளுக்கும் குறுஞ்செய்தியில் சொல்லியிருக்கிறார். பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் மட்டும் அது தெரியவில்லை. மே 8 அன்று நடந்த ஆட்டத்தில் எதிரணியினர் பிடித்துத் தள்ளியதில் தலையும் கழுத்தும் தரையில் மோத விழுந்தார். சற்று எழுந்து உட்கார்ந்தவர் பின்னர் நினைவிழந்தார். மே 12 அன்று மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

தலையிலோ உடம்பிலோ விழும் பலமான அடியால் மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதால் அதன் செயல்பாடு தற்காலிகமாகக் குலைவதே மூளையதிர்ச்சி. எலும்பு முறியாமல், ரத்தமும் வராமல் இருக்கலாம். சி.டி. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் விளையாட்டில் மூளையதிர்ச்சி அடைவோரில் நினைவிழப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வெளிச்சத்தில் கண் கூசுதல், காரணமில்லாத எரிச்சல், தூக்கம் கெடுதல், படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தும் மனத்தில் ஏறாமல் போதல் ஆகியவைதான் வழக்கமான அறிகுறிகள். சிலருக்கு இவை பல மணி நேரம் கழித்தே வெளிப்படும். தலைக்கவசம் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது.

ரோவனின் உயிரைப் பறித்தது 'இரண்டாம் தாக்க நோய்க்குறி'. முதல் அடியிலிருந்து மூளை முழுமையாகத் தேறுவதற்குள் மற்றோர் அடி விழுந்தால், ரத்த ஓட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் திறனை மூளை இழந்து சில நிமிடங்களிலேயே வீங்கத் தொடங்கும். இரண்டாவது அடி பலமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அரிதான நிலைதான். ஆனால் பதிவான நோயாளிகளில் பெரும்பாலோர் பதின்ம வயதினரும் இளைஞரும்; பலர் பிழைக்கவில்லை.

2015இல் நடந்த மரண விசாரணையின் முடிவில் நடுவர் குழு 49 பரிந்துரைகளை அளித்தது. இந்த மரணத்தில் மிகவும் வேதனை தருவது, தேவையான தகவல் முழுவதும் அந்த வாரத்தில் யாரோ ஒருவரிடம் இருந்தது என்பதே. அறிகுறிகள் ரோவனுக்குத் தெரியும், சந்தேகம் தோழிகளுக்குத் தெரியும், மருத்துவ விளக்கம் கைப்பேசித் திரையில் இருந்தது. ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் உள்ள பெரியவர்களிடம் மட்டும் எதுவும் போய்ச் சேரவில்லை. தன் அணியை விட்டு விலக மனமில்லாத ஒரு பதினேழு வயதுப் பெண்ணிடமே அந்த முடிவு விடப்பட்டிருந்தது. சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் எல்லாம் இந்த இடைவெளியை அடைக்கப் பார்ப்பவை.

ரோவனின் பெற்றோர் விடாமல் முயன்றனர். மாகாணச் சட்டமன்றத்தின் மூன்று கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து கொண்டுவந்த மசோதாவின்படி 2016இல் ஆலோசனைக் குழு அமைந்தது. 2017இல் அதன் அறிக்கை வந்தது. 2018 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. முதல் கட்ட விதிகள் 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி 26 வயதுக்கு உட்பட்ட வீரர்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் பெற்றோர், பயிற்சியாளர்கள் எனப் பலரும் அரசு வெளியிட்ட மூளையதிர்ச்சிக் கையேட்டை ஒவ்வோர் ஆண்டும் படித்ததாக உறுதிப்படுத்த வேண்டும். பத்து வயது வரை, 11 முதல் 14 வரை, 15உம் அதற்கு மேலும் என்று வயதுக்குத் தக்கபடி தனித்தனிக் கையேடுகள் உள்ளன. ஒன்டாரியோவின் ஸ்கார்பரோவில் பிள்ளையைக் கால்பந்துக் கழகத்தில் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோரும் இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

சட்டத்தின் உயிர்நாடி 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் கட்டம். மூளையதிர்ச்சி என்று உறுதியாகத் தெரிய வேண்டியதில்லை. சந்தேகம் வந்தாலே போதும், வீரரை உடனே களத்திலிருந்து வெளியேற்ற வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் பெற்றோருக்குத் தகவல் போக வேண்டும். மருத்துவரோ, உயர்பயிற்சி பெற்ற செவிலியரோ பரிசோதித்து அனுமதிக்கும் வரை முழுப் பயிற்சிக்கும் போட்டிக்கும் திரும்ப முடியாது. "எனக்கு ஒன்றுமில்லை, ஆடுகிறேன்" என்று வீரர் சொல்வதற்கு இங்கே மதிப்பில்லை. இதைவிட முக்கியமான பிரிவு சட்டத்தில் வேறில்லை.

களத்துக்குத் திரும்புவது படிப்படியாகத்தான் நடக்கும். இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைப்பது பழைய முறை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு மாநாட்டின் வழிகாட்டுதல், முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வும், பிறகு நடை போன்ற லேசான இயக்கமும் நல்லது என்கிறது. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் தேவை. மாணவர்கள் முதலில் முழுமையாகப் பாடத்துக்குத் திரும்பிய பிறகே போட்டிக்குத் திரும்பலாம்.

ஒன்டாரியோவுக்கு முன்னோடி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம். 2006இல் பள்ளி அளவிலான அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் தலையில் அடிபட்ட பின்னும் களமிறங்கி, மூளையில் நிரந்தரப் பாதிப்படைந்த 13 வயதுச் சிறுவன் சாக்கரி லிஸ்டெட் பெயரில் அங்கே 2009இல் சட்டம் வந்தது. 2014க்குள் ஐம்பது மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றிவிட்டன.

ஒன்டாரியோவில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதக் கடைசிப் புதன்கிழமை ரோவன் சட்ட நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. சட்டத்துக்குக் குறைகளும் உண்டு. கையேட்டைப் படிக்காமலே படித்ததாகக் குறியிட்டுவிட முடியும். அறிகுறியை வாய்விட்டுச் சொல்ல மறுக்கும் பிள்ளையின் உள்ளே நடப்பதைச் சட்டம் பார்த்துவிடாது. பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளரும் சக வீரர்களும்தான் கவனிக்க வேண்டும். பள்ளியோ கழகமோ நடத்தாத, பிள்ளைகள் தாங்களே பூங்காவில் கூடி ஆடும் ஆட்டங்கள் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை.