கஞ்சாக் கடை உரிமம்: சென்னை மாகாணமும் தமிழ்நாடும்

கஞ்சாவையும் அது சேர்ந்த லேகிய வகைகளையும் சில்லறையாக விற்க, அரசு பணம் வாங்கிக்கொண்டு தந்த அனுமதியே கஞ்சாக் கடை உரிமம். சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒழுங்குக்கு வந்த இந்த ஏற்பாடு, 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் மாகாணம் முழுக்கப் பரவிய மதுவிலக்கோடு முடிந்தது. இன்று திருவொற்றியூரில் ஒருவர் கஞ்சாக் கடைக்கு லைசென்ஸ் கேட்டுப் போனால், கேட்ட இடத்திலேயே உட்கார வைத்துவிடுவார்கள். அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் அது வருஷா வருஷம் ஏலம் கூறிக் கொடுக்கப்பட்ட சமாச்சாரம். திருவொற்றியூர் அப்போது பட்டணத்தின் எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு ஜில்லா சைதாப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. 2011இல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது.

செடியும் பெயர்களும்

ஒரே செடிதான். பெண் செடியின் பிசின் கட்டிய பூங்கொத்து கஞ்சா. இலை, பாங்கு. தனியே திரட்டிய பிசின், சரஸ். சித்த மருத்துவத்தில் இதற்குச் சிவமூலி, கோரக்கர் மூலி என்ற பெயர்களும் உண்டு. பூ, இலை, பிசின் என்ற இந்தப் பிரிவினையைப் பண்டிதர் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. பின்னால் வந்த சட்டங்கள் எல்லாமே இதன்மேல்தான் நிற்கின்றன. எது குற்றம், எது வியாபாரம் என்பதைச் செடியின் எந்தப் பாகம் என்பதே தீர்மானிக்கிறது.

அப்காரி ஏலம்

கள், சாராயம், கஞ்சா, அபின் ஆகியவற்றின்மேல் விதித்த தீர்வைக்கு அப்காரி என்று பெயர். சென்னை மாகாணத்தின் 1886ஆம் வருஷத்து முதலாம் சட்டமான அப்காரிச் சட்டம், மதுவோடு போதைப் பண்டங்களையும் ஒரே கட்டுக்குள் கொண்டுவந்தது. நடைமுறை எளிது. இன்ன ஊரில் இன்ன கடை என்று சர்க்கார் முதலில் குறித்துவிடும். அந்தக் கடையில் ஒரு வருஷம் விற்கும் உரிமை ஏலத்துக்கு வரும். அதிகம் கேட்டவருக்குக் கடை. ஏலத்தொகையை மாதக் கிஸ்தியாகக் கட்ட வேண்டும்.

‘குறைந்த நுகர்வு, நிறைந்த வருமானம்’ என்பதே அப்காரி அதிகாரிகள் தங்கள் கொள்கையாகச் சொல்லிக்கொண்டது. விலையை ஏற்றினால் குடிப்பவனும் இழுப்பவனும் குறைவார்கள், கஜானாவும் நிறையும் என்ற கணக்கு. ஏலத்தில் எடுத்தவர் போட்ட முதலை எடுக்க விற்பனையைப் பெருக்கத்தான் பார்ப்பார் என்பது எந்தக் கடைக்காரருக்கும் தெரியும். இந்த முரணை அப்காரி இலாகா கடைசிவரை தீர்க்கவில்லை. இன்றைய மதுக்கடை விவாதத்திலும் இதே முரண் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

1893ஆம் ஆண்டு விசாரணை

1893 மார்ச்சில் லண்டன் பாராளுமன்றத்தில், மதுவிலக்கு ஆதரவாளரான வில்லியம் கேய்ன் என்ற உறுப்பினர் ஒரு கேள்வி எழுப்பினார். வங்காளத்தில் கஞ்சா பயிரிடுவதும் விற்பதும் மக்களை எப்படிப் பாதிக்கின்றன என்று விசாரிக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. இந்திய அரசு விசாரணையை நாடு முழுவதற்கும் விரித்து, அந்த ஆண்டு ஜூலையில் இந்தியக் கஞ்சாப் பொருள்கள் ஆணையத்தை அமைத்தது. தலைவர் மேக்வொர்த் யங், பஞ்சாபின் நிதி ஆணையர். உறுப்பினர்களில் இந்தியர் மூவர். ஆணையம் 1,193 சாட்சிகளைக் கேட்டு, 1894 ஆகஸ்டில் வேலையை முடித்தது. அறிக்கையும் வாக்குமூலங்களும் பல தொகுதிகளாக வெளிவந்தன.

அவர்கள் கையாண்ட முறைக்கு ஒரு காட்சி போதும். கஞ்சா பைத்தியம் பிடிக்கவைக்கும் என்பதற்கு எல்லோரும் காட்டிய ஆதாரம் மனநோய் விடுதிகளின் பதிவேடுகள். அப்படி ஒரு விடுதி சென்னைக் கீழ்ப்பாக்கத்திலும் 1871இலிருந்து இருந்தது. ஆணையம் 1892ஆம் ஆண்டில் இந்திய விடுதிகளில் சேர்க்கப்பட்ட 1,344 பேரின் பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றாகத் திரும்ப விசாரித்தது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் கஞ்சா என்று எழுதப்பட்டவர்கள் 222 பேர். எழுதியது யார்? பெரும்பாலும் ஆளைக் கொண்டுவந்து ஒப்படைத்த போலீஸ்காரர் சொன்னதை, கட்டம் காலியாக இருக்கக்கூடாதே என்று குமாஸ்தா எழுதிவைத்திருந்தார். ஊரில் போய் உறவினரை விசாரித்தபோது பல பதிவுகள் நிற்கவில்லை. கஞ்சாவுக்கு ஏதோ தொடர்பு இருக்கலாம் என்று கடைசியில் ஒப்புக்கொள்ள முடிந்தவை 98 மட்டும். அவற்றிலும் 61 பேர் விஷயத்தில்தான் கஞ்சா தவிர வேறு காரணம் தென்படவில்லை.

அளவாகப் பயன்படுத்துவதால் பெரிய கேடில்லை, மிதமிஞ்சினால் கேடு, முழுத் தடை தேவையுமில்லை உசிதமுமில்லை என்பது ஆணையத்தின் முடிவு. தடைக்குப் பதிலாக அது பரிந்துரைத்தவை பயிரை உரிமத்துக்குள் கொண்டுவருவது, சரக்கைக் கிடங்கில் அடைப்பது, எடைக்குத் தீர்வை போடுவது, கடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. சென்னை மாகாணத்தில் புழக்கம் வங்காளத்தோடு ஒப்பிட்டால் சொற்பம். பைராகிகள், பக்கீர்கள், கடும் உடலுழைப்புக்காரர்கள் ஆகியோரே முக்கிய வாடிக்கையாளர்கள். இந்தியர் மூவரில் இருவர் பெரும்பான்மையின் முடிவுகளோடு ஒத்துப்போகாமல் தனியே மறுப்புரை எழுதினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அறிக்கையை இன்று மேற்கோள் காட்டுபவர்கள் இந்த இடத்தை வசதியாகத் தாண்டிவிடுகிறார்கள்.

வயலிலிருந்து கடைக்கு

ஆணையத்துக்கு முன் சென்னை மாகாணத்தில் கடைக்கு இருந்த கெடுபிடி பயிருக்கு இல்லை. கொல்லைப்புறத்தில் நாலு செடி வளர்ப்பதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஆணையத்துக்குப் பிறகு பயிர் இரண்டே வட்டாரங்களுக்குள் சுருக்கப்பட்டது. ஒன்று, அன்றைய கிருஷ்ணா ஜில்லாவில், சீராலாவுக்குத் தெற்கே உள்ள சந்தராவூர்ப் பகுதி. மற்றொன்று, வட ஆற்காட்டின் சவ்வாது மலை. உரிமம் பெற்றவர் மட்டுமே விதைக்கலாம். அறுத்த சரக்கு நேராகச் சர்க்கார் கிடங்குக்கு. அங்கே எடை போட்டு, தீர்வை கட்டி, வழிச்சீட்டு வாங்கினால்தான் வெளியே வரும். சில்லறைக் கடைக்காரர் அந்தச் சரக்கை மட்டுமே விற்கலாம். ஒரு ஆளிடம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் வரம்பு.

வங்காளத்தில் இதே முறை இன்னும் இறுக்கமாக நடந்தது. நவ்காவ் என்ற இடத்தில் 1917இல் கஞ்சா விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் வைத்து, விளைச்சலைத் தாங்களே கிடங்கில் சேர்த்து விற்றார்கள். இன்று வங்கதேசத்தில் உள்ள அந்த ஊரில் சங்கம் கட்டிய கட்டடங்கள் நிற்கின்றன. சென்னை மாகாணத்தில் அப்படி ஒரு சங்கம் தலையெடுக்கவில்லை, விளைந்த அளவும் அதற்குப் போதாது.

சந்தராவூர் வட்டாரம் சென்னை–விஜயவாடா ரயில் பாதையை ஒட்டியது. அந்தப் பாதைதான் திருவொற்றியூர் ஸ்டேஷன் வழியாகப் பட்டணத்துக்குள் வருகிறது. இன்று விசாகப்பட்டினத்து மலைப்பகுதியிலிருந்தும் ஒடிசா எல்லையிலிருந்தும் கள்ளக் கஞ்சா ரயிலில் வருவதும் இதே பாதையில்தான். வழிச்சீட்டு மட்டும் இல்லை.

கள்ளோடு சேர்ந்து போனது

தமிழ்நாட்டில் கஞ்சாவைத் தடை செய்தது 1985ஆம் ஆண்டின் மத்தியப் போதைப்பொருள் சட்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்க நெருக்குதலால் ராஜீவ் காந்தி கொண்டுவந்தார் என்று கதையும் சொல்வார்கள். இங்கே அதற்குப் பல ஆண்டு முன்பே கடை மூடியாகிவிட்டது. ராஜாஜி தலைமையிலான அமைச்சரவை கொண்டுவந்த 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம், பெயரில் மதுவைச் சொன்னாலும் உள்ளே ‘போதை மருந்து’ என்றும் ஒரு விளக்கத்தை வைத்திருந்தது. அந்த விளக்கத்தில் கஞ்சாச் செடியின் பூ, காய், சிறு தண்டு, இலை எல்லாம் அடக்கம். பாங்கு என்று பெயர் சொல்லியே சேர்த்திருந்தார்கள்.

1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் சட்டம் அமலுக்கு வந்தது. பின்னர் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு. கைவிட்டுப் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் ராஜாஜி விற்பனை வரியைக் கொண்டுவந்தார். போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. மறுபடி உயிர்பெற்று, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது 1948 அக்டோபர் 2ஆம் தேதி மாகாணம் முழுவதையும் எட்டியது.

மேடைகளில் பேசப்பட்டதெல்லாம் கள்ளும் சாராயமும்தான். அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு கஞ்சாக் கடையும் போனது. அதனால்தான் திரும்பியும் வரவில்லை. 1971 ஆகஸ்ட் 30ஆம் தேதி கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோது கள்ளுக்கும் சாராயத்துக்கும் கடை திறந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்து, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. கஞ்சாவைப் பற்றி இந்த மாற்றங்களில் எதிலும் பேச்சில்லை.

1961, 1985

ஐ.நா.வின் 1961ஆம் ஆண்டு போதைப்பொருள் ஒப்பந்தம், மருத்துவத்துக்கல்லாத கஞ்சாப் பழக்கத்தை 25 ஆண்டுக்குள் ஒழிக்க அவகாசம் தந்தது. ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 1964இல். எனவே 1989க்குள் முடிக்க வேண்டும். இந்தியா 1985 நவம்பர் 14 முதல் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. அதன்படி கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனிக்கொத்து. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் சேர்த்தியில்லை. ஆகவே பாங்கு மாநிலங்களின் கைக்குள் நின்றது.

உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் இன்றும் பாங்குக் கடைக்குக் கலால் துறை உரிமம் தருகிறது. காசிச் சந்துகளிலும் ஜெய்சல்மேர் கோட்டை வாசலிலும் அரசு அங்கீகாரம் என்று பலகை மாட்டியே விற்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் 2025இல் மதுக்கடைகளோடு பாங்குக் கடைகளும் கணினிக் குலுக்கலில் ஒதுக்கப்பட்டன. பழைய அப்காரி ஏலத்தின் பேரன் அது. தமிழ்நாட்டில் இந்தச் சந்து கிடையாது. 1985இன் சட்டம் விட்டுவைத்த இலையை 1937இன் சட்டம் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது.

கடல் கடந்த தமிழர் வட்டாரம்

கனடா 2018 அக்டோபர் 17ஆம் தேதி கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. ஒன்டாரியோவில் முதல் தவணையாக 25 கடைகளுக்கு 2019 ஜனவரியில் குலுக்கல் நடந்து, ஏப்ரல் 1ஆம் தேதி கடைகள் திறக்கத் தொடங்கின. கடைக்காரர் நடத்துநர் உரிமம், அந்தக் கட்டடத்துக்குத் தனி அனுமதி இரண்டும் வாங்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்க வசதியாக வாசலில் 15 நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். சரக்கை மாகாண அரசின் மொத்த விற்பனை நிறுவனத்திடம் மட்டுமே எடுக்கலாம். சென்னை மாகாணக் கிடங்கு முறை தெரிந்தவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. நகராட்சிகள் விலகிக்கொள்ளவும் இடமிருந்தது. டொரன்டோ சேர்ந்தது, மார்க்கம் விலகியது. இரண்டையும் பிரிப்பது ஸ்டீல்ஸ் சாலை. அதற்குத் தெற்கே ஸ்கார்பரோ, வடக்கே மார்க்கம், இரண்டு பக்கமும் தமிழ்க் குடும்பங்கள்.



இன்று

திருவொற்றியூரில் சட்டப்படி இந்தச் செடியின் பக்கம் போகக்கூடிய கடைகள் இரண்டு வகை. ஒன்று சித்த மருந்துக் கடை. மருந்து விதிகளின் நச்சுப்பொருள் பட்டியலில் அபின், ஊமத்தை, எட்டி, சேராங்கொட்டை ஆகியவற்றோடு கஞ்சாவும் இருக்கிறது. அது சேர்ந்த மருந்தை உரிமம் பெற்ற தயாரிப்பாளர் செய்யலாம், மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையோடு. மற்றொன்று உணவுக் கடை. கஞ்சா விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவாக ஏற்றது. விதையில் போதைச் சத்து கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

மீதியெல்லாம் பொட்டலம். பிடிபட்டது ஒரு கிலோவுக்கு உட்பட்டால் ஓராண்டுவரை சிறை, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு. காவல்துறை 2021–22இல் மாநிலம் முழுக்க ‘கஞ்சா வேட்டை’ என்ற பெயரில் சோதனைகள் நடத்தியது. வழக்கு சிறப்பு நீதிமன்றத்துக்குப் போனதும் எதிர்த்தரப்பு வக்கீல் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளில் ஒன்று எடையைப் பற்றியது. பழுப்பு டேப் சுற்றிய பொட்டலத்தைப் பிரித்து, பூவைத் தனியாக, இலை, விதை, காம்பைத் தனியாக நிறுத்தீர்களா, இல்லை மொத்தமாகத் தராசில் வைத்தீர்களா? சாட்சிக் கூண்டில் நிற்கும் எஸ்.ஐ. மகஜரைப் புரட்டிப் பார்க்கிறார். மொத்த எடைதான் எழுதியிருக்கிறது.