கனிஜானி திருக்குடும்பம்

கனிஜானி திருக்குடும்பம் என்பது இத்தாலிய மறுமலர்ச்சிக் கால ஓவியர் ரபாயேல் (1483–1520) மரப்பலகையில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். குழந்தை இயேசு, கன்னி மரியா, புனித சூசையப்பர் ஆகியோருடன் புனித எலிசபெத்தும் அவருடைய மகன் திருமுழுக்கு யோவானும் இதில் உள்ளனர். ஏறத்தாழ 131 செ.மீ. உயரமும் 107 செ.மீ. அகலமும் கொண்ட இது 1507–1508ஐ ஒட்டி வரையப்பட்டது. இப்போது ஜெர்மனியின் மியூனிக் நகரில், ஆல்ட்டே பினகோத்தேக் காட்சியகத்தில் உள்ளது.

பின்னணி

ஓவியத்தின் பெயர், அதை வரையச் சொன்ன புளோரன்ஸ் நகரத்தவரான தொமேனிகோ கனிஜானியிடமிருந்து வந்தது. 1507இல் நடந்த அவரது திருமணத்தையொட்டி இது வரையப்பட்டதாகக் கருதுவர். ரபாயேல் அப்போது புளோரன்சில் லியொனார்தோ, மைக்கலாஞ்சலோ ஆகியோரின் படைப்புகளைப் பார்த்துப் பயின்றுகொண்டிருந்தார். 1508இல் அவர் உரோமுக்குச் சென்றுவிட்டார்.

அமைப்பு

ஐவரும் ஒரு கூம்புக்குள் அடங்குமாறு அமைக்கப்பட்டுள்ளனர். உருவங்களை இப்படிக் கூம்பாகத் திரட்டும் முறையை ரபாயேல் லியொனார்தோவிடமிருந்து கற்றார். திருக்குடும்பப் படங்களில் பெரும்பாலும் ஓரமாக நிற்கும் சூசையப்பர் இங்கே கூம்பின் உச்சியில் இருக்கிறார். இரு கைகளாலும் கோலை ஊன்றியபடி, தலையைத் தாழ்த்தி எலிசபெத்தை நோக்குகிறார். முதியவரான எலிசபெத்து முகத்தை நிமிர்த்தி அவரைப் பார்க்கிறார். மரியாவின் பார்வை கீழே, எழுத்துச் சுருள் ஒன்றைப் பகிர்ந்து பிடித்திருக்கும் குழந்தைகள் மீது பதிந்துள்ளது. தலைகளும் பார்வைகளும் ஒன்றையொன்று எதிர்கொள்வதால், கணக்கிட்டு வகுத்த வடிவம் விறைப்பாகத் தெரிவதில்லை. மரியாவின் ஆடைக் கழுத்தோரத்தில் ஓவியர் தம் பெயரைப் பொறித்துள்ளார். பின்புலத்தில் நகரங்களும் குன்றுகளும் விரிகின்றன.

கைமாறிய வரலாறு

கனிஜானி குடும்பத்துக்காக வரையப்பட்ட இந்தப் பலகையை, கலைஞர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வசாரி தம் நூலில் குறிப்பிட்டுப் பாராட்டினார். பின்னர் இது மெடிச்சி குடும்பத்தின் உடைமையானது. அக்குடும்பத்தின் அன்னா மரியா லூயிசா 1691இல் பலட்டினேட் இளவரசர் யோகான் வில்லெல்மை மணந்தார். அந்த உறவின் வழியே ஓவியம் டியூசல்டார்ஃப் அரண்மனைச் சேகரிப்பை அடைந்தது. நெப்போலியன் காலப் போர்களின்போது அந்தச் சேகரிப்பு மியூனிக்குக்கு மாற்றப்பட்டது.

மறைந்த வானதூதர்கள்

மேல் மூலைகள் இரண்டிலும் குழந்தை வடிவ வானதூதர் கூட்டங்களை ரபாயேல் வரைந்திருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில், சேதமடைந்திருந்த அந்தப் பகுதிகள் நீல வானமாகப் பூசி மூடப்பட்டன. அதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் பார்வையாளர் கண்டது, வெற்று வானத்தின் கீழ் தனித்து நிற்கும் கூம்பை மட்டுமே. ஓவியத்தின் அமைப்பு மிகக் கறாரானது என்ற எண்ணம் வலுப்பட இதுவும் காரணம். பழைய நகல்களில் மட்டும் தூதர்கள் எஞ்சியிருந்தனர். 1980களின் தொடக்கத்தில் மியூனிக்கில் நடந்த சீரமைப்பில் மேல்பூச்சு நீக்கப்பட்டது. தேய்ந்த நிலையில் வெளிப்பட்ட தூதர்கள் மேல் மூலைகளை நிரப்புவதால், கூம்பின் கூர்மை தணிந்து காட்சி முழுப் பலகைக்கும் பரவுகிறது.