பரவலுக்கு முதலாகும் கொழுப்பு
பொருளியல் கற்பித்த எனக்குப் புற்றுநோய்ப் பரவலும் ஒரு முதலீட்டுக் கணக்காகவே தோன்றுகிறது. நோயாளியின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது முதற்கட்டியன்று. அது பிற உறுப்புகளுக்குப் பரவுவதே. அப்பரவலுக்கு முதலாகும் பொருள்களுள் ஒன்று கொழுப்பு. சினைப்பைப் புற்றுநோய்ச் செல்களுக்குக் குடலைப் போர்த்தியுள்ள கொழுப்புப் படலம் எரிபொருள் வழங்குவதைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினர். 2017-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள், கொழுப்பமிலத்தை உள்வாங்கும் 'சிடி36' என்னும் புரதம் மிகுந்த செல்களே வாய்ப்புற்றுநோயைப் பரப்புவதாக எலிகளில் கண்டனர். பாமாயிலில் மிகுந்துள்ள பால்மிடிக் அமிலம் பரவலைத் தூண்டியது. அப்புரதத்தை எதிர்ப்பொருளால் தடுத்தபோது பரவல் பெரிதும் குறைந்தது. புகையிலையால் வாய்ப்புற்றுநோய் மலிந்த இந்தியாவுக்கு இது அயலார் செய்தியன்று. ஆயினும், எலியில் கண்டது இன்னும் மனிதருக்கு மருந்தாகவில்லை. அதை நம்பி நோயாளி தாமே உணவைக் குறைத்து மெலிந்தால், சிகிச்சையைத் தாங்கும் வலிமைதான் குறையும்.