அச்சேறாத பக்கங்கள்

ஓர் உண்மையைக் கண்டறிவது ஒன்று. அஃது அச்சேறி உலகின் கைக்கு எட்டுவது மற்றொன்று. கணிதத் துறையில் இவ்விரண்டுக்கும் இடையே சில வேளைகளில் தலைமுறைகளே கழிந்துவிடுகின்றன.

12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுஎண்கள் இல்லை. இத்தகைய எண்களின் இயல்பை ஆராய்ந்து, சீனிவாச இராமாநுஜன் கேம்பிரிட்ஜில் எழுதிய நெடுங்கட்டுரை 1915-இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. ஆனால் முழுமையாக வரவில்லை. அது போர்க்காலம், சங்கத்துக்கோ பணமுடை. அச்சுச் செலவைக் குறைக்கும்பொருட்டு அவர் பிற்பகுதியை நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. 1920-இல், 32-ஆம் வயதில், அவர் மறைந்தார்.

1984-இல் ரொபேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுஎண்களின் கூட்டுத்தொகையை ஆராய்ந்து புகழ்பெற்ற முடிவொன்றைக் கண்டார். அவ்வழியில் இராமாநுஜன் முன்பே வெகுதூரம் நடந்திருந்ததை அவர் அப்பொழுது அறியார். அதற்குச் சான்றான தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்தன. 1988-இல் அவை புது தில்லியில் கையெழுத்து வடிவிலேயே நூலில் வெளியாயின. 1997-இல் அதே ரொபேனும் நிக்கொலா என்பவரும் அவற்றைக் குறிப்புரையுடன் பதிப்பித்தனர்.

அன்று மிச்சமானது சில பக்கங்களின் அச்சுக்கூலி. செலவானது 82 ஆண்டுகள்.